வெள்ளை அட்டையின் பின்பக்கம்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்: புதுமலர் நகர்ப் பூங்காவின் ஒரே புல்வெட்டி இயந்திரம், பதினோரு ஆண்டுகள் புல்லோடு போராடி, இன்று சனிக்கிழமை காலை கல்லோடு மோதிக் காலமானது. அன்னாரின் உடல் மோட்டார் அறையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. அன்னாரின் பிரிவால் வாடுவோர்: ஒரு கத்தி, இரண்டு சக்கரம், நகர் நலச் சங்கத் தலைவர். மூன்றாவது சக்கரம் முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டது.

இதைக் கறுப்புக் கட்டம் போட்டு எழுதி, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் யார் என்று தலைவர் ராஜமாணிக்கம் சார் மூன்று நாள் விசாரித்தார். விசாரணையே தேவையில்லை. நம் நகரில் குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட, "கதிரு ஊர்ல இருக்கானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிளம்பரைக் கூப்பிடுவார்கள்.

சனிக்கிழமை ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் திரும்பினேன். அங்கே கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன்; விடுதியிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். சிறுநீரகம் பழுதாகி ஒன்பது நாளாக அங்கே படுத்திருந்த ஞானப்பிரகாசம் மாமாவுக்கு அந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினேன்.

"மெஷினுக்கு அன்னாராடா மாப்ளே?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி லூர்து அத்தை என்னை முறைத்தார். இருமி முடித்த மாமா, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிடு. ஒரு கத்தி, ரெண்டு சக்கரம்னு போடு" என்றார்.

"போட்டுடலாம் மாமா" என்றேன். நான் எதற்கும் அப்படித்தான் பதில் சொல்வேன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் போய்விட்டார்.

லூர்து அத்தை என் கையில் போனைக் கொடுத்து, "நகர்ல எல்லாருக்கும் சொல்லிடு கதிரு" என்றார். முதலில் எங்கள் பக்கத்து வீட்டு வசந்தா அத்தையைக் கூப்பிட்டேன். "அடப் போடா. சனிக்கெழம மெஷினச் சாவடிச்ச, இன்னிக்கு மனுஷனையா?" என்று வைத்துவிட்டார். அடுத்து என் அம்மா. "வெளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமா? நேத்துதான் லூர்து பேசுனா, நல்லா இருக்காருன்னு. வாய அலம்பு மொதல்ல" என்று அம்மாவும் வைத்தாயிற்று. மூன்றாவதாகத் தலைவர். அவர் "ஹலோ" சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுது வேற நடிக்கிறியாடா?" என்றார்.

கடைசியில் அத்தை போனை வாங்கினார். "அவன் நடிக்கல சார்" என்றார். சொந்தக் கணவரின் சாவுக்கு அவரே சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனை வருடக் குறும்பில் நான் சேர்த்து வைத்தது இதுதான்.

நாளை மாமாவுக்கு முப்பதாம் நாள் பூசை. அங்கே கொடுக்கப்போகும் தாளில் நாலு வரி எழுதச் சொன்னார் அத்தை. நாலு வரியில் முடிகிற மனிதரா அவர்? தாளின் இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

நம் அறுபது வீட்டுக்கும் கரண்ட் ரீடிங் எடுத்தவர் அவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தோளில் கறுப்புப் பையும் கையில் டார்ச்சுமாக வருவார். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார், வெள்ளை அட்டையில் பேனாவால் எண்ணை எழுதுவார். அதன் பிறகு யாரும் சொல்லாமலே ஒன்று செய்வார். காதிலிருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்து, அந்த அட்டையின் பின்பக்கத்தில், அந்த மாதம் அந்த வீட்டில் என்ன பூத்திருக்கிறது என்று எழுதுவார். "மாசி. முருங்கை." "வைகாசி. வேம்பு, ஒரு கிளை." எங்கள் வீட்டு அட்டையில் ரொம்ப நாள் ஒரே வரிதான் இருந்தது: "சிமெண்ட்."

எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. "எந்த மாசம் இந்த நகர்ல பூவே இல்லன்னு தெரியணும்ல. மனுஷன் ஒரு வேள பட்டினி கெடப்பான். தேனீ ஒரு மாசம் பட்டினி கெடக்குமா?" என்றார். பூ இல்லாத மாதம் எதுவென்று கண்டுபிடித்து, அந்த மாதத்தில் பூக்கிற விதையைப் பொட்டலம் கட்டி, இடமுள்ள வீட்டில் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர்கள் உண்டு, "பாம்பு வரும் சார்" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் அதிகம்.

அவர் குடியிருந்தது நம் நகருக்கு வெளியே; சொந்த ஊர் அண்ணாகிராமம் பக்கம். முந்திரித் தோப்பில் வளர்ந்தவர். தேனீ வராத வருடம் முந்திரி காய்க்காது என்று சின்ன வயதிலேயே பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, புதுமலர் நகர் என்று பெயர் வைத்துக்கொண்டு மலரே இல்லாமல் இருந்த நம்மைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. வீட்டைச் சுற்றி சிமெண்ட், நடுவில் புல். பூங்காவில் பூவும் கிடையாது, காவும் கிடையாது; பச்சைப் பாய் விரித்த மாதிரி புல்தரை, அதன் நடுவில் "புல்லின் மேல் நடக்காதீர்" என்று பலகை. புல்லைப் பார்த்துவிட்டு மாமா சொல்வார்: "இது மெத்த விரிச்ச பட்டினிடா மாப்ளே."

*

எங்கள் மீட்டர் பெட்டிக்குள் கொசுத்தேனீ கூடு கட்டியிருப்பதைக் காட்டியவரும் அவர்தான். கொசுவைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பான, கொட்டவே தெரியாத தேனீ. பெட்டியின் ஓரத்தில் பிசினால் ஒரு சின்னக் குழாய் வைத்து, அதுதான் அவற்றுக்கு வாசல். குழாயின் வாயில் ஏழெட்டு முகம் எப்போதும் வெளியே எட்டிப் பார்க்கும். நகரில் ஏழு வீட்டு மீட்டர் பெட்டியில் அப்படிக் கூடு இருந்தது.

இருந்தது என்று எழுதுகிறேன். கவனித்திருப்பீர்கள்.

ஒரு கோடை விடுமுறையில் வசந்தா அத்தை வீட்டு வாசலில் நின்று பில் ஜாஸ்தி, பில் ஜாஸ்தி என்று புலம்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? "அத்தை, உங்க பெட்டில ஒரு கறுப்புப் பூச்சி இருக்கே, அது கரண்ட் குடிக்கிற பூச்சி. ராவும் பகலும் உறிஞ்சுது. வேணும்னா பாருங்க, எப்பப் பாரு கும்முன்னு ஒரு சத்தம் வரும், அது குடிக்கிற சத்தம்தான்" என்றேன். சொல்லிவிட்டு மறந்தும் போனேன். கேலி பண்ணினால் சிரிப்பார்கள், அல்லது துரத்துவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். நம்புவார்கள் என்று தெரியாது.

அடுத்த முறை மாமா ரீடிங் எடுக்க வந்தபோது நான் வசந்தா அத்தை வீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றார். வாசல் குழாய் இருந்த இடத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி அடைத்திருந்தது. துணியை இழுத்ததும் உள்ளிருந்து கறுப்பாகப் பொலபொலவென்று கொட்டியது. தேயிலைத் தூள் மாதிரி இருந்தது.

"கரண்ட் குடிக்கிற பூச்சி சார். நம்ம தெருவுல ஆறு வீட்லயும் அடச்சிட்டோம். பில்லு கொறைஞ்சிருக்கா பாருங்க" என்றார் வசந்தா அத்தை, பெருமையாக.

மாமா டார்ச்சை அடித்து எண்ணைப் பார்த்தார். "கொறையல தாயி" என்றார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். என் வாயில் இருந்த முறுக்கு மென்ற வரைக்கும் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அம்மாவுக்கு என் வண்டவாளம் தெரியும் என்பதால் எங்கள் பெட்டி மட்டும் தப்பியிருந்தது. ஏழில் அந்த ஒன்றுதான் மிச்சம். அதைத் திறந்து பார்த்துவிட்டு மாமா சொன்னார்: "பதினஞ்சு வருஷமா நான் கத்துறேன், ஒருத்தரும் நம்பல. நீ ஒருவாட்டி சொன்ன, ஊரே நம்பிடுச்சே மாப்ளே."

"அப்ப மாத்திச் சொல்லிடவா மாமா? இந்தப் பூச்சி இருக்குற வீட்ல பில்லு கொறையும்னு?" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் அது. அவர் சிரிக்கவில்லை.

"மீட்டர்ல என்ன ஓடுதோ அதத்தான் எழுதணும். ஓடாதத எழுதுனா அப்புறம் ஓடுறதையும் எவனும் நம்ப மாட்டான்."

அன்று அது எனக்கு அறிவுரையாகக் கேட்டது, வழக்கம்போல இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். சிதம்பரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றுதான் அது அறிவுரை இல்லை, ஜோசியம் என்று தெரிந்தது.

*

அடுத்து வருவது பூங்கா. இதில்தான் என் புகழ் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் இப்போது கல்லூரி விடுதியிலும் இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது.

ஒரு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் சங்கக் கூட்டம் நடந்தது. கொடியேற்றத்துக்கு வந்திருந்த மாமா எழுந்து, புல்தரையில் பாதியையாவது எடுத்துவிட்டுப் பூக்கிற செடி போடலாம் என்று கேட்டார். ராஜமாணிக்கம் சார் ரிஜிஸ்தர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்துகிற மாதிரிதான் பேசுவார். "ஞானப்பிரகாசம், வெளியூர்க்காரன் எவன் வந்தாலும் மொதல்ல இந்த லானத்தான் பாக்குறான். நீங்க காடு வளக்கணும்னா உங்க ஊருக்குப் போய் வளங்க. அவ்ளோதான்."

மாமா உட்கார்ந்துவிட்டார். மிட்டாயைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒன்று முடிவானது. ஆறு கூட்டை அழித்தவன் என்ற உறுத்தலா, தலைவரைக் கவிழ்க்க ஒரு வாய்ப்பு என்ற ஆசையா என்று கேட்டால், பாதிப் பாதி.

வருடா வருடம் தீபாவளி முடிந்ததும் காய்ந்த புல்லைச் சுரண்டி, தரையைக் கொத்திவிட்டு, மேலே எருவைத் தூவுவது சங்கத்தின் வழக்கம். அந்த வருடமும் எரு வந்து இறங்கியது. தலைவர் எரு இறங்குவதைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் பெங்களூரில் மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மத்தியானம் காவலாளி சாப்பிடப் போன நேரத்தில் நான் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து, மில்லுக்குக் கொடுக்க அம்மா கட்டி வைத்திருந்த பைகளைத் திறந்து, மல்லி, கடுகு, வெந்தயம் மூன்றையும் முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போய் எருக்குவியலில் கலந்தேன். மறுநாள் அது பூங்கா முழுக்கப் பரவியது. என் கையாலேயே பாதி தூவினேன். "பரவால்லயே, கதிரு வேலையெல்லாம் செய்யறான்" என்று வசந்தா அத்தைகூடப் பாராட்டினார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புல்வெட்டியை வெளியே எடுக்க மாட்டார்கள். மழை என் கட்சி. கொஞ்ச நாளில் முளை விட்டது. மார்கழியில் கடுகு மஞ்சளாகப் பூத்தது, பின்னாலேயே மல்லி வெள்ளையாக. நான் போடாத துளசியும் எள்ளும்கூட இடையிடையே எழுந்தன; எருவோடு வந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் மீட்டர் பெட்டியிலிருந்து கொசுத்தேனீ நேராகப் பூங்காவுக்கு ஒரு கோடு போட்ட மாதிரி பறந்தது.

ஜனவரி இருபத்தாறு. பெங்களூரிலிருந்து வந்த தலைவர் கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே தன் லானைப் பார்த்தார். கொடி பாதியில் நின்றது. "யார் செஞ்சது இது?" என்றார்.

நான் வசந்தா அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து மாமாவின் குரல்: "நான்தான் சார்."

அவ்வளவு பேருக்கு நடுவில் தலைவர் அவரைப் பேசியதை இங்கே எழுதவில்லை. பலருக்கு நினைவிருக்கும், தலைவருக்கும் இருக்கும். "ஒரே வாரத்துல நீயே எல்லாத்தையும் புடுங்கிப் போடணும்" என்று தீர்ப்பாயிற்று. மாமா தலையாட்டினார். ஆனால் மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்பே வசந்தா அத்தை ரசத்துக்கு மல்லி கிள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் நாலு பேர். "இருக்கட்டும் சார், விக்கிற வெலைக்கு வாசல்லயே மல்லி" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் தலைவரின் வீட்டம்மாவே ஒரு கூடையோடு வந்துவிட்டார். புல் தோற்றது. இரண்டு வருடம் அந்தப் பூங்கா பூத்தது. மல்லி முடிந்த இடத்தில் எள், எள் முடிந்த இடத்தில் துளசி, தும்பை என்று மாமா மாதம் தவறாமல் பார்த்துக்கொண்டார்.

எனக்காக அவர் பொய் சொன்னார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். மீட்டரில் ஓடாததை எழுத மாட்டேன் என்ற மனிதரையே பொய் சொல்ல வைத்தவன் நான் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

*

பிறகு 'தானே' புயல் வந்தது. அதைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு நான் எழுத வேண்டாம். விடிந்து பார்த்தபோது நகரில் நின்ற மரம் ஒன்றும் இல்லை. பூங்காவில் செடியெல்லாம் வெந்நீர் ஊற்றின மாதிரி கருகிக் கிடந்தது. கரண்ட் கம்பம் தெருவில் படுத்திருந்தது.

மூன்றாம் நாள் மாமா நடந்தே வந்தார். ஓடாத மீட்டருக்கு ரீடிங் எடுக்க வந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நேராக எங்கள் பெட்டியிடம் போனார். கூடு இருந்தது. ஆனால் குழாயின் வாயில் ஒன்றிரண்டு முகம்தான் தெரிந்தது. பையிலிருந்து வெல்லத் தண்ணீரை எடுத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, நடுவில் நாலு ஈர்க்குச்சியைப் போட்டு, பெட்டிக்குக் கீழே வைத்தார். தேனீ மூழ்காமல் உட்கார்ந்து குடிக்க அந்தக் குச்சி.

"தோப்பு என்னாச்சு மாமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் படுத்துடுச்சாம். தம்பி வந்து சொன்னான்."

"நீங்க போய்ப் பாக்கலயா?"

"அங்க பாக்க ஒண்ணும் இல்ல மாப்ளே. இங்க ஒரு பெட்டி இருக்குல்ல."

இரண்டு மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். எங்கள் முருங்கை துளிர்த்துப் பூவிட்ட பிறகுதான் சிரட்டையை எடுத்தார். அதற்குள் அவர் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. நடந்து நடந்து வீங்கியது என்று நாங்களும் நினைத்தோம், அவரும் அப்படியே சொல்லிக்கொண்டார். டாக்டர் வேறு சொன்னார். அதன் பிறகு பூங்காவில் யாரும் ஒன்றும் விதைக்கவில்லை. களை மண்டியது. புரட்டாசியில் தலைவர் பழைய புல்வெட்டியை வெளியே எடுத்தார், மறுபடி லான் போட. அது கல்லில் மோதிச் செத்த கதையைத்தான் மேலே அறிவித்தேன்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு கூட்டத்தில் புல்லுக்கு ஆர்டர் கொடுப்பது என்று முடிவாக இருந்தது. நான் எழுந்தேன். "அந்தப் பூங்கா முழுக்க மொதமொதல்ல வெதச்சது நான். மாமா எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாரு. அதுல புல்லு போட நான் விட மாட்டேன்" என்றேன். சபை அதிர்ந்தது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

ராஜமாணிக்கம் சார் புல் ஆர்டர் தாளை மடித்து வைத்தார். திட்டவில்லை. "அந்த மனுஷன அன்னிக்கு நான் பேசுனது தப்புதான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "சரி. வெதச்சவன் நீதான? மறுபடி வெத. தீபாவளிக்குள்ள மொளச்சா பூச்செடியே இருக்கட்டும். மொளைக்கலன்னா புல்லு" என்றார்.

தரையைக் கொத்தினேன். அன்று செய்தபடியே செய்தேன், ஒரு மாற்றமும் இல்லாமல். மில்லுக்குக் கட்டி வைத்திருந்த பையிலிருந்து மல்லி, கடுகு, வெந்தயம். மழையும் வந்தது. வாரா வாரம் சிதம்பரத்திலிருந்து வந்து, பூங்காவில் குத்த வைத்து மண்ணைப் பார்த்தேன். மூன்று வாரம். ஒன்றுகூட முளைக்கவில்லை. பெட்டியில் இருக்கும் கடைசிக் கூடு எதை நம்பி அடுத்த மாதம் பறக்கும் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

*

போன வாரம் லூர்து அத்தை, மீட்டரைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று அவர்கள் வீட்டு வெள்ளை அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். கடைக்காரர் கேட்டார்: "பின்பக்கமும் எடுக்கணுமா தம்பி? பென்சில்ல என்னமோ நெறைய எழுதியிருக்கே."

திருப்பினேன். நம் நகரின் பூக்கணக்கு முழுக்க, மாதம் மாதமாக. நடுவில் ஒரு கார்த்திகை:

"பூங்கா. மாப்ளே போட்டது எல்லாம் வறுத்தது. வாசனையிலேயே தெரிகிறது. முளைக்காது. நாலு நாளாகக் காலையில் வந்து மண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இன்று பச்சை விதை போட்டேன். மல்லி, கடுகு, வெந்தயம். கூடத் துளசி, எள். அவனிடம் சொல்ல வேண்டாம்."

ஜெராக்ஸ் கடையில் நின்று அழுதேன். இந்த முறை யாரும் நடிப்பு என்று சொல்லவில்லை.

அம்மா மில்லுக்குக் கொடுப்பதை எல்லாம் வறுத்துத்தான் கட்டி வைப்பார். சாம்பார்ப் பொடிக்கு வேறு எப்படிக் கொடுப்பார்கள்? இது தெரியாமல் இரண்டு முறை வறுத்ததை விதைத்த ஒரே விவசாயி நான்தான். அன்று கொடிக்கம்பத்தடியில் "நான்தான் சார்" என்று மாமா சொன்னது எனக்காகச் சொன்ன பொய் இல்லை. மீட்டரில் ஓடியதை அப்படியே சொல்லியிருக்கிறார். ஒரு பொய்கூடச் சொல்லாமல் என்னைக் காப்பாற்றி, மூன்று வருடம் பீற்றிக்கொள்ளவும் விட்டிருக்கிறார்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. என்னிடம் விதை கிடையாது, வித்தைதான் இருந்தது, அதுவும் போயிற்று. ஆனால் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வெள்ளை அட்டை இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்த மாதத்துக்கு நேராக என்ன எழுதியிருக்கிறதோ, அதன் விதையில் ஒரு கைப்பிடி, பச்சையாக, வறுக்காமல், நாளை பூசை முடிந்ததும் பூங்காவுக்குக் கொண்டுவாருங்கள்.

அவர் காதில் இருந்த பென்சில் துண்டை அத்தை எனக்குக் கொடுத்தார். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதையும் "நான்தான்" என்ற அவருடைய சொல்லையும் வைத்துக்கொள்கிறேன். புதிதாகக் கற்றிருப்பதால் இப்போதே பழகிப் பார்க்கிறேன்.

தலைவர் சார், புல்வெட்டிக்கு அஞ்சலி ஒட்டியது நான்தான். வசந்தா அத்தை, கரண்ட் குடிக்கிற பூச்சி என்று சொல்லி ஆறு கூட்டைக் கொன்றது நான்தான். அம்மா, மில்லுப் பையைக் குறைத்தது எலி இல்லை. நீங்கள் பொறி வைத்த இரண்டு தடவையும் நான்தான்.

அந்தப் பூங்காவைப் பூக்க வைத்தது மட்டும் நான் இல்லை.